சுயேச்சை இயக்குநர்களை யார் தேர்ந்தெடுக்க வேண்டும்?

2008 டிசம்பர் 16 அன்று ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் இயக்குநர் குழு கூடியது. தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்துக்குச் சொந்தமான மேட்டாஸ் பிராப்பர்டீஸ், மேட்டாஸ் இன்ஃப்ரா என்ற இரண்டு நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்கலாமா என்பதே அன்றைய விவாதப் பொருள். மென்பொருள் எழுதிச் சம்பாதித்த பணத்தைக் கொண்டு, தலைவரின் குடும்பத்திடமிருந்தே ரியல் எஸ்டேட், கட்டுமானக் கம்பெனிகளை வாங்கும் யோசனை அது. குழுவில் இருந்தவர்கள் சாமானியர்கள் அல்லர். மத்திய அரசில் அமைச்சரவைச் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸின் முதல்வர், ஹார்வர்டு பேராசிரியர், பென்டியம் சில்லு உருவாக்கத்தில் முன்னின்ற பொறியாளர் எனப் பெயர்பெற்றவர்கள். மதிப்பீடு குறித்துச் சில கேள்விகள் எழுந்தன. முடிவில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அமெரிக்கச் சந்தையில் சத்யம் பங்கு சரிந்ததும் சில மணி நேரத்திலேயே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதைத் தடுத்தது முதலீட்டாளர்களின் கோபம். இயக்குநர் குழு அல்ல. மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, ராஜு எழுதிய கடிதம் வெளிவந்தது. கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஒரு காலாண்டில் 649 கோடி ரூபாய் இயக்க லாபம் என்று காட்டியிருந்தார்கள். உண்மையில் 61 கோடிதான். அன்று ஒரே நாளில் பங்கு விலை முக்கால் பங்குக்கு மேல் விழுந்தது. நிறுவன நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருதை சத்யம் பெற்று அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன.

அதற்குப் பிறகு நம் நாட்டில் சுயேச்சை இயக்குநர்கள் பற்றியும் தணிக்கை பற்றியும் எழுதப்பட்ட விதிகள் ஏராளம். அவற்றில் பல நல்ல விதிகள். ஆனால் அடிப்படையான ஒரு கேள்வியை அவை இன்னும் சரியாகத் தொடவில்லை என்பதே என் கருத்து. கண்காணிக்க வேண்டியவரை யார் நியமிக்கிறார், யார் நீக்குகிறார், யார் ஊதியம் தருகிறார் என்பதுதான் அந்தக் கேள்வி.

விதிகள் வளர்ந்த விதம்

இந்தியத் தொழில் கூட்டமைப்பு 1998இல் வெளியிட்ட நெறிமுறை விருப்பப்பட்டவர்கள் பின்பற்றுவதற்கானது. 1999இல் குமார் மங்கலம் பிர்லா குழு பரிந்துரைத்ததை ஏற்று, 2000 பிப்ரவரியில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி, பட்டியல் ஒப்பந்தத்தில் 49ஆம் பிரிவைச் சேர்த்தது. பட்டியலிட்ட நிறுவனங்களுக்குச் சுயேச்சை இயக்குநர்களும் தணிக்கைக் குழுவும் கட்டாயமானது அப்போதுதான். அமெரிக்காவில் என்ரான் கவிழ்ந்த பின் நரேஷ் சந்திரா குழு 2002இல் வந்தது, நாராயண மூர்த்தி குழு 2003இல் வந்தது. சத்யம் விழுந்தபோது இவை எல்லாம் ஏட்டில் இருந்தன. சத்யத்துக்கும் தணிக்கைக் குழு இருந்தது.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் இவற்றை நாடாளுமன்றச் சட்டமாக்கியது. பட்டியலிட்ட நிறுவனத்தின் இயக்குநர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் சுயேச்சையானவர்களாக இருக்க வேண்டும். குழுத் தலைவர் நிர்வாகப் பொறுப்பில் இருந்தாலோ புரமோட்டர் தரப்பைச் சேர்ந்தவரானாலோ பாதிப்பேர் சுயேச்சையானவர்களாக இருக்க வேண்டும் என்கிறது செபியின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. ஒருவர் ஐந்தாண்டு வீதம் இரண்டு தவணை மட்டுமே இருக்கலாம். பிறகு மூன்றாண்டு இடைவெளி விட வேண்டும். பங்கு விருப்பத் திட்டம் கிடையாது. ஒரு கூட்டத்துக்கு அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய் அமர்வுப்படியும், லாபத்தில் வரம்புக்குட்பட்ட கமிஷனும் உண்டு. தணிக்கைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கினர் சுயேச்சையானவர்கள், தலைவரும் அவர்களில் ஒருவர், ஆண்டுக்குக் குறைந்தது நான்கு கூட்டம். உதய் கோட்டக் தலைமையிலான குழு 2017இல் தந்த அறிக்கைக்குப் பிறகு, பெரிய நிறுவனங்களில் ஒரு பெண் சுயேச்சை இயக்குநர் கட்டாயமானார். ஒருவர் ஏழு பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு மேல் இயக்குநராக இருக்க முடியாது என்ற வரம்பும் வந்தது. 2019 டிசம்பர் முதல் சுயேச்சை இயக்குநர்களுக்கென ஒரு தரவுத்தளமும் தேர்வும்கூட உள்ளன.

இத்தனையும் ஒருவரின் தகுதியைச் சோதிக்கின்றன. உறவினரா, வியாபாரத் தொடர்பு உண்டா, முன்னாள் ஊழியரா என்று அலசுகின்றன. சத்யம் குழுவில் தகுதிக்குக் குறைவில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

வாக்குக் கணக்கு

சுயேச்சை இயக்குநர் என்ற ஏற்பாடு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வளர்ந்தது. அங்கே பெரிய நிறுவனங்களின் பங்குகள் லட்சக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்கும். உரிமையாளர் என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாது. சம்பளத்துக்கு வந்த தலைமை நிர்வாகி வரம்பு மீறாமல் பார்க்க ஒருவர் தேவைப்பட்டார். 1992இல் லண்டனில் வெளியான கேட்பரி அறிக்கையின் கவலை அதுதான். நம் நிலைமை வேறு. இங்கே பெரும்பாலான நிறுவனங்களில் புரமோட்டர் குடும்பமோ குழுமமோ அரசோ பெரும்பங்கை வைத்திருக்கிறது. ஆபத்து நிர்வாகிக்கும் உரிமையாளருக்கும் இடையே அல்ல. பெரிய உரிமையாளருக்கும் சிறிய உரிமையாளர்களுக்கும் இடையே இருக்கிறது. சிறுபான்மைப் பங்குதாரர்களைக் காக்க வேண்டியவரைப் பெரும்பான்மைப் பங்குதாரர் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டை நாம் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டோம்.

இதன் விளைவு 2016இல் வெட்டவெளிச்சமானது. டாடா சன்ஸ் தலைவர் பொறுப்பிலிருந்து சைரஸ் மிஸ்திரி அக்டோபரில் நீக்கப்பட்டார். அந்த மோதலில் மிஸ்திரிக்கு ஆதரவாகப் பேசிய நுஸ்லி வாடியா, டாடா ஸ்டீல், டாடா மோட்டார்ஸ், டாடா கெமிக்கல்ஸ் மூன்றிலும் சுயேச்சை இயக்குநராக இருந்தார். டிசம்பரில் சிறப்புப் பொதுக்கூட்டங்கள் கூட்டப்பட்டு மூன்றிலிருந்தும் அவர் நீக்கப்பட்டார். மிஸ்திரி நீக்கம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அந்த மோதலில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பெரிய பங்குதாரரோடு கருத்து மாறுபட்ட சுயேச்சை இயக்குநரைச் சாதாரணப் பெரும்பான்மையால் வெளியேற்ற அன்றைய சட்டம் இடம் தந்தது.

செபி இதை உணர்ந்தது. 2021 மார்ச்சில் அது வெளியிட்ட ஆலோசனை அறிக்கை துணிவான ஒரு யோசனையை முன்வைத்தது. சுயேச்சை இயக்குநரின் நியமனத்துக்கும் நீக்கத்துக்கும் இரண்டு ஒப்புதல் வேண்டும்: எல்லாப் பங்குதாரர்களின் பெரும்பான்மை, புரமோட்டர் அல்லாதவர்களின் பெரும்பான்மை. இறுதியில் அந்த யோசனை கைவிடப்பட்டு, 2022 ஜனவரி முதல் சிறப்புத் தீர்மானம் போதும் என்ற விதி வந்தது. ஆதரவு வாக்குகள் எதிர்ப்பைப்போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பதே சிறப்புத் தீர்மானம். பார்வைக்குக் கடுமையான நிபந்தனைதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிறுவனத்தில் புரமோட்டரிடம் 60 சதவீதப் பங்கு, பொதுமக்களிடம் 40 சதவீதம். பொதுமக்களில் பாதிப்பேர் வாக்களிக்கிறார்கள். அத்தனை பேரும் எதிர்த்தே வாக்களிக்கிறார்கள். ஆதரவு 60, எதிர்ப்பு 20. தீர்மானம் நிறைவேறிவிடும். வாக்களித்த ஒரு பொதுப் பங்குதாரர்கூட விரும்பாத ஒருவர், அவர்களுடைய பாதுகாவலராக அமர்ந்துவிடுவார். அதே ஆண்டு நவம்பரில் செபி ஒரு மாற்று வழியையும் திறந்தது. சிறப்புத் தீர்மானம் தோற்றாலும், சாதாரணப் பெரும்பான்மையும் பொதுப் பங்குதாரர்களின் பெரும்பான்மையும் கிடைத்தால் நியமனம் செல்லும். பொதுப் பங்குதாரர்களின் வாக்கைத் தனியாக எண்ணுவது சாத்தியம் என்பதை இந்த விதியே நிரூபிக்கிறது. அதைக் கட்டாயமாக்காமல் மாற்று வழியாக மட்டும் வைத்திருப்பதுதான் என் குறை.

அரசு நிறுவனங்களின் கதை இன்னும் வருத்தம் தருவது. அங்கே சுயேச்சை இயக்குநரை நியமிப்பது மத்திய அரசு. இடங்கள் காலியாகவே கிடந்ததால் ஓஎன்ஜிசி, இந்தியன் ஆயில், கெயில் போன்ற நிறுவனங்களுக்குப் பங்குச் சந்தைகள் அபராதம் விதித்தன. நியமனம் எங்கள் கையில் இல்லை என்று அந்த நிறுவனங்கள் பதில் கூறின. அது உண்மையும்கூட. தனியாருக்கு விதி வகுக்கும் அரசே தன் நிறுவனங்களில் நாற்காலிகளைக் காலியாக வைத்திருப்பதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

தெரியாது என்று சொல்வது

நியமன முறையை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். சத்யத்தில் ராஜு குடும்பத்தின் பங்கு கடைசியில் மிகச் சிறியதுதான். வாக்கு பலத்தால் அவர் குழுவை ஆளவில்லை. தகவல் அவர் கையில் இருந்தது. இயக்குநர்களின் முன் வைக்கப்படும் கோப்பைத் தயாரிப்பது நிர்வாகமே. காலாண்டுக்கு ஒருமுறை வந்து, நூற்றுக்கணக்கான பக்கங்களைப் புரட்டி, சில மணி நேரத்தில் முடிவெடுக்கும் ஒருவரால் அந்தக் கோப்பில் இல்லாததைக் கண்டுபிடிப்பது கடினம். உள் தணிக்கையாளர் நிர்வாகத்துக்குப் பயந்தவராக இருந்தால் தணிக்கைக் குழுவுக்குக் கண்ணே இல்லை.

ஐசிஐசிஐ வங்கியின் குழு 2018 மார்ச்சில், புகாருக்கு ஆளான தலைமை அதிகாரி சந்தா கோச்சர் மீது முழு நம்பிக்கை இருப்பதாக அறிவித்தது. பத்து மாதம் கழித்து, முன்னாள் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணாவின் விசாரணை அறிக்கை வந்ததும், அவருடைய விலகலைப் பணிநீக்கமாகவே கருதுவதாக அதே வங்கி சொன்னது. 2025இல் இண்டஸ்இண்ட் வங்கி தன் டெரிவேட்டிவ் கணக்குகளில் இருந்த பிழையை வெளியிட்ட பிறகு, இழப்பு கிட்டத்தட்ட 1,960 கோடி ரூபாய் என்று தெரியவந்தது. ஒரு வங்கியில், பல அடுக்குத் தணிக்கைக்குப் பிறகும் அது நடந்தது.

பிரச்சினை வெடித்ததும் விலகிக்கொள்வது இன்னொரு வழக்கம். ஜென்சால் இன்ஜினியரிங் நிறுவனத்தில் மின்சாரக் கார் வாங்கப் பெற்ற கடனில் 262 கோடி ரூபாய்க்குக் கணக்கில்லை என்று 2025 ஏப்ரலில் செபி இடைக்கால உத்தரவு போட்டது. அடுத்த சில நாட்களில் சுயேச்சை இயக்குநர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். இதற்கு மாறாக, யெஸ் வங்கியின் தணிக்கைக் குழுத் தலைவர் 2020 ஜனவரியில், நிர்வாகத் தரம் குறித்த கவலைகளை வெளிப்படையாக எழுதிவிட்டுப் பதவி விலகினார். இரண்டு மாதத்தில் ரிசர்வ் வங்கி அந்த வங்கியை முடக்கியது. அந்தக் கடிதம் முதலீட்டாளர்களுக்குக் கிடைத்த அரிய எச்சரிக்கை. விலகும் இயக்குநரின் கடிதத்தை அப்படியே பங்குச் சந்தைக்குத் தர வேண்டும் என்ற விதி அதனால்தான் முக்கியமானது.

இயக்குநர்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு. 2017இல் ஜேபி இன்ஃப்ராடெக் வழக்கில், சுயேச்சை இயக்குநர்கள் உட்பட யாரும் சொந்தச் சொத்துகளை விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது பலர் அஞ்சினார்கள். தெரிந்தோ, சம்மதித்தோ, கவனமில்லாமலோ நடந்ததற்கு மட்டுமே சுயேச்சை இயக்குநர் பொறுப்பு என்று கம்பெனிகள் சட்டத்தின் 149(12) சொல்கிறது. ஆதாரமில்லாமல் அவர்கள்மீது வழக்குத் தொடர வேண்டாம் என்று 2020 மார்ச்சில் மத்திய அரசு சுற்றறிக்கையும் விட்டது. இந்தப் பாதுகாப்பு தேவைதான். அதே சட்டத்தில் உள்ள ‘கவனமில்லாமல்’ என்ற அளவுகோலைத் தளர்த்தக்கூடாது. சென்னையைச் சேர்ந்த பிரமிட் சாய்மிரா நிறுவனத்தின் லாபம் ஊதிக் காட்டப்பட்ட வழக்கில், அன்றாட விவகாரங்களில் எனக்குத் தொடர்பில்லை என்ற முழுநேர இயக்குநர் ஒருவரின் வாதத்தை 2013இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பின் நோக்கு சரியானது.

தணிக்கையாளரின் கூலி

இதே நோய் தணிக்கையிலும் இருக்கிறது. தணிக்கையாளர் அறிக்கை தருவது பங்குதாரர்களுக்கு. ஊதியம் பெறுவது தணிக்கை செய்யப்படும் நிறுவனத்திடம். சத்யத்தின் வங்கி வைப்புகளை வங்கிகளிடம் நேரடியாக உறுதி செய்திருந்தால் மோசடி வருடக்கணக்கில் நீடித்திருக்காது. 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜுவோடு இரண்டு தணிக்கையாளர்கள் உட்பட மொத்தம் 10 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து ஏழாண்டு தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. 2018 ஜனவரியில், சத்யத்தின் தணிக்கையாளரான பிரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனத்துக்கு செபி விதித்த இரண்டாண்டுத் தடையை 2019இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்தது. அமெரிக்காவில் பங்கு வாங்கியிருந்தவர்களுக்கு சத்யம் 12.5 கோடி டாலரும், தணிக்கை நிறுவனம் 2.55 கோடி டாலரும் தந்து வழக்கை முடித்தன. இந்தியச் சிறு முதலீட்டாளருக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. இந்த அநீதியை நினைக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

2013 சட்டம் தணிக்கையில் செய்த மாற்றங்கள் கனமானவை. ஒரு தணிக்கை நிறுவனம் ஐந்தாண்டு வீதம் இரண்டு தவணைக்கு மேல் தொடர முடியாது. தணிக்கை செய்யும் கம்பெனிக்கே கணக்கு எழுதித் தருவது, முதலீட்டு ஆலோசனை சொல்வது போன்ற பணிகளுக்குத் தடை. 1 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மோசடி கண்ணில் பட்டால் மத்திய அரசுக்கே எழுத வேண்டும். ஆனால் பெரிய மாற்றம் 2018 அக்டோபரில் வந்தது: தேசிய நிதி அறிக்கை ஆணையம். அதுவரை பட்டயக் கணக்காளர்களின் தவறைப் பெரும்பாலும் அவர்களுடைய சங்கமான ஐசிஏஐயே விசாரித்து வந்தது. பட்டியலிட்ட, பெரிய நிறுவனங்களின் தணிக்கையை விசாரிக்கும் பொறுப்பு இப்போது வெளியாரிடம் வந்தது.

அந்த ஆணையத்துக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை ஐஎல் அண்ட் எஃப்எஸ். சுமார் 91,000 கோடி ரூபாய்க் கடனோடு கவிழ்ந்த அந்தக் குழுமத்துக்கு, அது தவணை தவறுவதற்குச் சற்று முன்வரை உயர்ந்த கடன் தரமதிப்பீடு இருந்தது. அதன் நிதி நிறுவனத்தைத் தணிக்கை செய்த கூட்டாளி ஒருவருக்கு 2020இல் ஆணையம் 25 லட்சம் ரூபாய் அபராதமும் ஏழாண்டுத் தடையும் விதித்தது. தணிக்கை நிறுவனங்களையே விலக்க வேண்டும் என்று அரசு தொடுத்த வழக்கை மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ராஜினாமா செய்துவிட்டதால் விசாரணை முடிந்துவிடாது என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. இந்தத் தீர்ப்பின் மதிப்பு பெரிது. 2018இல் மன்பசந்த் பெவரேஜஸ், வக்ரங்கி போன்ற நிறுவனங்களின் தணிக்கையாளர்கள் ஆண்டுக் கணக்கு முடியும் நேரத்தில் விலகியதும் பங்குகள் சரிந்தன; காரணம் என்ன என்று முதலீட்டாளருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. 2019 அக்டோபரில் செபி இந்தக் கதவை ஓரளவு அடைத்தது: விலகுபவர் நடப்புக் காலாண்டின் மதிப்பாய்வை முடித்துக் கொடுத்துவிட்டே போக வேண்டும்.

ஆயினும் ஊதியம் தருபவர் மாறவில்லை. மாற்று ஏற்பாடு நம்மிடமே இருக்கிறது. அரசு நிறுவனங்களுக்குத் தணிக்கையாளரை நியமிப்பது இந்தியத் தலைமைக் கணக்காயர். வங்கிகளின் தேர்வுக்கு ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் வேண்டும். 2021 முதல் மூன்றாண்டுக்கு மேல் ஒருவர் தொடர முடியாது. இதுவும் முழுப் பாதுகாப்பு அல்ல. பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பைக் கிளையில் நீரவ் மோடி மோசடி பல ஆண்டு யார் கண்ணிலும் படாமல் நடந்தது. நியமிப்பவர் மாறுவதோடு சோதிப்பவரின் திறமையும் உயர வேண்டும்.

கரூரில் தொடங்கிய வங்கி

1926இல் கரூரில் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கியில், 2020 செப்டம்பர் 25 அன்று நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் அபூர்வமான ஒன்றைச் செய்தார்கள். நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களின் நியமனத்தையும் தணிக்கையாளரின் மறுநியமனத்தையும் வாக்களித்துத் தோற்கடித்தார்கள். ஒரு புரமோட்டர் பெரும்பங்கை வைத்திராத நிறுவனத்தில் பங்குதாரர் வாக்கு எவ்வளவு வலிமையானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் காலம் கடந்துவிட்டது. நவம்பர் 17 அன்று ஒரு கணக்கிலிருந்து 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற கட்டுப்பாடு வந்தது. 27 அன்று வங்கி டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்களின் பணம் தப்பியது. பங்குதாரர்களின் முதலீடு ஒரு ரூபாய்கூட மிஞ்சாமல் அழிக்கப்பட்டது. அந்த வாக்கு ஐந்தாண்டுக்கு முன் விழுந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பெரும்பங்குதாரர் உள்ள பிற நாடுகள் இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டிருக்கின்றன. இத்தாலியில் சிறுபான்மைப் பங்குதாரர்கள் தனிப் பட்டியல் கொடுத்துக் குறைந்தது ஓர் இயக்குநரைத் தேர்ந்தெடுக்கச் சட்டம் வழி செய்கிறது. இஸ்ரேலில் வெளி இயக்குநர் நியமனத்துக்குக் கட்டுப்பாட்டுப் பங்குதாரர் அல்லாதோரின் ஆதரவு தேவை. பிரிட்டனும் 2014இல் இரட்டை வாக்கு முறையைக் கொண்டுவந்தது. நம் கம்பெனிகள் சட்டத்திலும் 151ஆம் பிரிவு உள்ளது. 20,000 ரூபாய்க்கு மிகாத முகமதிப்பில் பங்கு வைத்திருப்போர் தங்களுக்கென ஓர் இயக்குநரைத் தேர்ந்தெடுக்கலாம். ‘இருக்கலாம்’ என்று எழுதியதால் அது பெரும்பாலும் ஏட்டோடு நிற்கிறது. பெரிய பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு அதைக் கட்டாயமாக்க வேண்டும். செபி கைவிட்ட இரட்டை வாக்கு யோசனையை மறுபடி எடுக்க வேண்டும். தணிக்கையாளரின் நியமனத்துக்கும் ஊதியத்துக்கும் பொதுப் பங்குதாரர்களின் வாக்கைத் தனியே எண்ண வேண்டும். தணிக்கைக் குழுவுக்குத் தனி நிதியும், நிர்வாகத்தைச் சாராத ஆலோசகரை அமர்த்தும் உரிமையும் நடைமுறையில் இருக்க வேண்டும்.

சட்டம் மாறும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்களிடம் பத்துப் பங்கு இருந்தாலும் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு குறைந்தது 21 நாள் முன்பே உங்கள் மின்னஞ்சலுக்கு வரும். அதில் இயக்குநர் நியமனம், தணிக்கையாளர் நியமனம், தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனை ஆகிய மூன்றையும் தேடிப் படியுங்கள். இணைய வாக்களிப்பு குறைந்தது மூன்று நாள் திறந்திருக்கும். கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மூடிவிடும். அதற்குள் வாக்களித்துவிடுங்கள்.